ஓட்டாமலே பார்ப்பது



"இத்தனை வருஷமா அப்படி என்னப்பா ஆராய்ச்சி?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். புரோகிராமை ஓட்டாமலே, அதன் வரிகளைப் படித்து, எங்கே தப்பு வரும் என்று சொல்வதுதான் என் வேலை.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 விநாடியில் சிதறியது. 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் திணித்ததே காரணம். 2014-இல் தெரியவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும், கேட்ட நீளம் சரிதானா என்று பார்க்காததால் வந்ததுதான்.

எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் தவறாமல் தீர்ப்புச் சொல்லும் கருவி இருக்கவே முடியாது. 1953-இலேயே ரைஸ் அதை நிரூபித்துவிட்டார். சரி, கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமா? 1977-இல் பாட்ரிக், ராதியா கூசோ தம்பதியர் ஒரு வழி காட்டினார்கள். எண்ணின் மதிப்பு தெரியாவிட்டால் போகட்டும். அது எந்த எல்லையைத் தாண்டாது என்று கணக்கிடு! அவ்வழியில் பிறந்த அஸ்திரே என்ற கருவி, 2003-இல் ஏர்பஸ் ஏ340-இன் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், ஓடும்போது நேரும் இத்தகைய பிழைகள் இல்லை என்று நிரூபித்தது.

ஆனால் எல்லையை அகலமாகப் போட்டால் இல்லாத தப்பையும் கருவி சொல்லும். நூறு தடவை 'புலி வருது' என்றால், நிஜப் புலி வரும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அந்தப் பொய் எச்சரிக்கைகளைக் குறைப்பதிலேயே என் காலம் போனது. வருத்தமில்லை.

மாணவர்களே, நடக்காத விபத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. இருந்தாலும், வெளியிலிருந்து வரும் எண்ணை அளக்காமல் நம்பாதீர்கள்.