கூலியா? கொடையா?

உழைப்புக்கு உரியது கூலி; உள்ளம் உவந்து அளிப்பது கொடை. இவ்விரண்டையும் சட்டத்தாலேயே குழப்பிவைத்த நாடு அமெரிக்கா. அந்நாட்டு நடுவணரசின் சட்டப்படி ஒருமணி நேர உழைப்புக்குக் குறைந்த அளவு கூலி 7.25 தாலர். ஆயின், உணவகத்தில் பரிமாறுவோர்க்கு முதலாளி 2.13 தாலர் தந்தாற் போதும். எஞ்சியதை உண்போர் ஈயும் கைக்காசு நிரப்பவேண்டும். நிரம்பாவிடினே முதலாளி ஈடுசெய்வார். 1991 முதல் அந்த 2.13 உயரவேயில்லை.

விளைவு யாது? பரிமாறுவோர் வீட்டு அடுப்பு, உண்போரின் உளப்பாங்கை நம்பி எரிகின்றது. கைக்காசால் மிகுதி பெறுவோரும் உளர்; ஆயினும், இழிசொல் கேட்டும் இன்முகம் காட்டவேண்டிய நிலை அனைவர்க்கும் ஒன்றே.

நியூயார்க்கில் டேனி மேயர் என்பார், 2015இல் தம் உணவகங்களில் கைக்காசை ஒழிக்கத் தொடங்கி, கூலியை உணவின் விலையுள் அடக்கினார். 2020இல் பழைய வழக்குக்கே திரும்பினார். அண்டைக் கடைகள் குறைந்த விலை காட்டுகையில், ஒருவர் மட்டும் முழுவிலை சொல்லி நிலைத்தல் அரிது. கலிபோர்னியா உள்ளிட்ட ஏழு மாநிலங்களோ, கைக்காசைக் கணக்கிற் கொள்ளாது முழுக்கூலியும் தருமாறு சட்டம் செய்துள்ளன.

அதுவே நேர்வழி. கூலியைச் சட்டம் காக்கட்டும். கொடையை உள்ளம் அளிக்கட்டும்!