கொடையன்று, கூட்டுறவு!

“உலக நாடுகள் கூடிப் பேசின, நகரங்களின் புகையைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன, இத்தனை கோடி நிதி அறிவித்தன” என்ற செய்தி ஏடுகளில் வரும்போது, நம்மில் பலர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். பெரிய மனிதர்கள் பேசும் பேச்சு, நமக்கென்ன என்பது ஒரு சாரார் எண்ணம். அயல்நாட்டுப் பணம் வருகிறது என்றதும் கைகூப்பி நிற்பவர் இன்னொரு சாரார். அயல்நாட்டுப் பணம் என்றாலே சூழ்ச்சி என்று சீறுபவர் மற்றொரு சாரார். அலட்சியம், அடிபணிதல், அச்சம் ஆகிய இந்த மூன்றும் நமக்கு வேண்டாதவை. நான்காவது வழி ஒன்று உண்டு: உரிமையோடு கேட்பது, கணக்குப் பார்த்துப் பெறுவது, கற்றுக்கொண்டு சொந்தக் காலில் நிற்பது. அந்த நான்காவது வழியைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

யார் கடன்பட்டவர்?

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக் கொள்வோம். மான்செஸ்டரிலும் பிட்ஸ்பர்க்கிலும் ரூர் பள்ளத்தாக்கிலும் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எரிந்த நிலக்கரி, சாம்பலாகி முடிந்துவிடவில்லை. அது கக்கிய கரியமில வாயுவில் ஒரு பகுதி இன்றைக்கும் நம் தலைக்கு மேலே இருக்கிறது. அந்தப் புகையில் தொழில் வளர்ந்தது, செல்வம் குவிந்தது, சாம்ராச்சியங்கள் செழித்தன. செல்வம் அங்கேயே தங்கிவிட்டது. புகை மட்டும் உலகுக்குப் பொதுவுடைமை ஆயிற்று! இன்றும், ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன்னுக்கு. இந்த இரண்டு டன்னிலும் குளிர்பதனப் பெட்டி பூட்டிய மாளிகையின் பங்கு எவ்வளவு, அதன் வாயிலைக் காக்கும் காவலாளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், கணக்கு இன்னும் கசப்பாக இருக்கும்.

ஆனால் விளைவு யார் தலையில் விடிகிறது? 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முதலில் மூழ்கியவை எவர் வீடுகள்? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த நாளில், குடத்தோடு வரிசையில் நின்றவர் எவர்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாள் கணக்கில் தண்ணீரில் நின்றவர் எவர்? ஒவ்வொரு மழைக்கும் பருவநிலை மாற்றமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏரிகளைத் தூர்த்து மனைகளாக்கிய நம்மூர்ப் பேராசைக்கும் அதிலே பங்குண்டு. ஆனால் கடல் சூடேற ஏற, மழை பெய்தால் கொட்டித் தீர்ப்பதும் பொய்த்தால் அடியோடு பொய்ப்பதும் மிகும் என்பது அறிவியலார் தெளிந்து கூறும் உண்மை. எனவே, இது ஏழையின் பிரச்சினை. எங்கோ நடக்கும் மாநாட்டின் பிரச்சினை அன்று.

இதனால்தான் 1992இல் ரியோ டி சனீரோ நகரில் நாடுகள் கூடியபோது, ‘பொறுப்பு எல்லோர்க்கும் பொது, ஆனால் அதன் அளவு எல்லோர்க்கும் ஒன்றன்று’ என்ற நெறி ஏற்கப்பட்டது. அதிகம் கெடுத்தவர் அதிகம் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். நாம் கேட்பது பிச்சை அன்று என்பதற்கு அந்த ஒப்பந்தமே சான்று.

வாக்கும் வழக்கும்

கொடுத்த வாக்கு என்னவாயிற்று? 2009இல் கோபன்கேகனில், 2020ஆம் ஆண்டுக்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றனர் செல்வ நாடுகள். 2020 வந்தது, தொகை வரவில்லை. இரண்டாண்டுகள் கழித்து, 2022இல்தான் அந்த அளவு எட்டப்பட்டதாக அவர்கள் கணக்கே சொல்கிறது. அதிலும் அரசுகள் வழியாக வந்த பணத்தில் பெரும்பகுதி கடன்! வீட்டைக் கொளுத்தியவன், தீயணைக்கத் தண்ணீரை வட்டிக்குக் கொடுத்த கதையாக இருக்கிறது அல்லவா? 2024இல் பாக்கூ நகரில் மீண்டும் கூடினர். வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் தேவை என்றன. 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று முடிவு கட்டினர். அந்த மன்றத்திலேயே எழுந்து இந்தியா தன் மறுப்பைப் பதிவு செய்தது.

“அப்படியானால், உலகக் கூட்டுறவு என்பதே ஏமாற்று வேலைதானே?” என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். வென்ற வரலாறும் உண்டு.

வானத்தின் ஓசோன் படலம் கிழிகிறது, அதற்குக் காரணம் குளிர்பதனப் பெட்டிகளில் அடைக்கும் இரசாயனம் என்று தெரிந்தபின், 1987இல் மாண்ட்ரியலில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவும் சீனமும் உடனே கையெழுத்திடவில்லை. “மாற்றுத் தொழில்நுட்பமும், மாறுவதற்கான செலவும் தராமல், எங்களை மட்டும் கட்டுப்படச் சொல்வது நீதியாகாது” என்று உறுதியாக நின்றன. 1990இல் இலண்டனில் நடந்த கூட்டத்தில் அதற்கென்று ஒரு பொது நிதி அமைக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. சீனம் 1991இலும் இந்தியா 1992இலும் சேர்ந்தன. 2009க்குள் உலகின் எல்லா நாடுகளும் அந்த உடன்படிக்கையை ஏற்றன. இன்று ஓசோன் படலம் மெல்ல மெல்ல மீண்டு வருகிறது. எதனால்? வாக்கு எழுத்தாயிற்று, எழுத்து நிதியாயிற்று, நிதி தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்டவர்கள் ஒன்றுபட்டு நின்றனர். ஆகவே, கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தனர்.

ஊர் ஊருக்குச் சொன்ன பாடம்

இனி, நகரங்களுக்கு வருவோம். எரிசக்தியால் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு நகர வாழ்க்கையே காரணம். ஆகவே நோயும் நகரத்தில், மருந்தும் நகரத்தில். அந்த மருந்தை முதலில் அரைத்த ஊர்களுள் ஒன்று இலண்டனுமன்று, நியூயார்க்குமன்று. பிரேசில் நாட்டில் குரிச்சிபா என்ற ஊர்!

செய்ம் லெர்னர் என்ற கட்டடக் கலைஞர் அந்த ஊரின் மேயரானார். சுரங்க இரயில் போடப் பணமில்லை. இருப்பது சாலை, ஓடுவது பேருந்து. சாலையின் நடுவே பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்கினால், இரயிலின் வேகம் பேருந்துக்கும் வராதா என்று எண்ணினர். 1974இல் அந்தத் தடம் இயங்கத் தொடங்கியது. பின்னர் கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தங்கள் எழுந்தன. உள்ளே நுழையும்போதே கட்டணம். பேருந்தின் தளமும் மேடையும் ஒரே மட்டம். கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் படியேறித் தவிக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தைக் கொலம்பியாவின் பொகோட்டா கற்று 2000 டிசம்பரில் ‘டிரான்ஸ்மிலேனியோ’வைத் தொடங்கியது; 2004இல் சகார்த்தா தொடங்கியது; 2009இல் அகமதாபாத் தொடங்கியது. ஏழை நாட்டு நகரம் ஆசிரியர், உலகம் மாணவர்!

பாடத்தில் பிழைகளும் உண்டு. அவற்றையும் படிக்க வேண்டும். பொகோட்டாவில் கூட்டம் பெருகியும் வசதி பெருகாததால், 2012இல் பயணிகளே கொதித்தெழுந்து தடத்தை மறித்தனர். தில்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை தனித்தடம் போட்டனர். அமைப்பில் குறைகள் இருந்தன, உண்மை. ஆனால் எழுந்த கூச்சல் குறைகளைத் திருத்தச் சொல்லவில்லை, “எங்கள் கார்கள் நிற்க, பேருந்து முந்துவதா?” என்று கேட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2012இல் தள்ளுபடியும் ஆயிற்று. ஆயினும் 2016இல் அந்தத் தடம் பெயர்த்து எறியப்பட்டது. ஒரு பேருந்தில் ஐம்பது பேர், ஒரு காரில் ஒருவர். சாலை யாருடையது என்ற கேள்விக்குத் தில்லி அன்று சொன்ன விடை அது. தொழில்நுட்பம் தோற்கவில்லை, தோழர்களே! பேருந்தில் போகிறவனின் குரல் தோற்றது.

சீனத்தின் சென்சென் நகரம், 2017 முடிவதற்குள் தன் 16,000க்கு மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்தில் ஓடச் செய்தது. அந்தப் பேருந்துகள் கடல் கடந்து சிலி நாட்டின் சாந்தியாகோவுக்குப் போயின, பொகோட்டாவுக்கும் போயின. 2005இல் இலண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் அழைப்பில் பதினெட்டு மாநகரங்கள் கூடித் தொடங்கிய ‘சி-40’ என்ற கூட்டமைப்பில் இன்று நம் சென்னையும் ஓர் உறுப்பு. 2017இல் அமெரிக்க அரசு பாரிசு ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தபோது, அந்நாட்டு மேயர்கள் நூற்றுக்கணக்கில், “வாசிங்டன் விலகலாம், எங்கள் ஊர் விலகாது” என்ற நிலை எடுத்தனர். 2025இல் அந்த அரசு மீண்டும் விலகல் ஆணை பிறப்பித்தது. அரசுகளின் மனம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். ஊர்களுக்கிடையே ஏற்பட்ட தொடர்பு அவ்வளவு எளிதில் அறுவதில்லை.

முப்பந்தல் சொல்லும் கதை

அயல்நாட்டு உதவியைப் பெற்றுச் சொந்தக் காலில் நிற்க முடியுமா? முப்பந்தலுக்குப் போய்க் கேளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று சீறிப் பாயும் அந்தப் பகுதியிலும் கயத்தாற்றிலும், டென்மார்க்கு நாட்டு உதவியோடு தொடக்க காலக் காற்றாலைகள் நடப்பட்டன. அன்றைக்கு அது ஒரு சோதனை. கற்றார்கள் நம் பொறியாளர்கள்; கழற்றி மாட்டப் பழகினார்கள் நம் தொழிலாளர்கள்; உறுப்புகளை இங்கேயே செய்யத் தொடங்கின நம் ஆலைகள். 2025இல் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. உதவி விதையாக வந்தது, நெல்லாக வரவில்லை. விதையாக வந்ததால்தான் வயல் நமதாயிற்று.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பாருங்கள். சென்னை மெட்ரோவுக்கு சப்பானியக் கடன். 63,246 கோடி ரூபாய் மதிப்பில், 118.9 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட இரண்டாம் கட்டத்துக்கு அதனோடு ஆசிய வங்கிகளின் கடனும். புதிய பேருந்துகளுக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடன். உலக வங்கித் துணையோடு 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. தாழ்தளம், புகையில்லை, இரைச்சலில்லை. நல்லது, வரவேற்போம். ஆனால் வரவேற்பு வளைவு கட்டியதோடு நம் வேலை முடிந்துவிடாது.

முதற்கேள்வி: கடன் எந்த நாணயத்தில், எந்த நிபந்தனையில்? ரூபாயின் மதிப்பு சரிந்தால், வாங்கிய கடன் நாம் ஒன்றும் செய்யாமலே வளரும். கொடுத்தவர் நாட்டிலேயே பொருள் வாங்கு என்று கட்டு இருந்தால், கொடுத்த பணம் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பும்.

இரண்டாம் கேள்வி: தொழில்நுட்பம் வருகிறதா, பொருள் மட்டும் வருகிறதா? மின்கலம் பழுதானால் பிரித்துப் பார்க்க நம் பணிமனைத் தொழிலாளிக்குத் தெரியுமா, அல்லது பூட்டின் சாவி கடல் கடந்து இருக்குமா?

மூன்றாம் கேள்வி: தொழிலாளி எங்கே நிற்கிறான்? அந்த மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் போக்குவரத்துக் கழகத்தவர். ஓட்டுநரோ ஒப்பந்த நிறுவனத்தவர். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. ஒரே வண்டி, ஒரே வழித்தடம், ஒரே வெயில்; ஆனால் இருவருக்கும் இரு முதலாளிகள். ஊதியமும் ஓய்வூதியமும் ஒன்றா என்று கேட்பது நம் கடமை. காற்று தூய்மையாக, உழைப்பு மலிவாக வேண்டும் என்று எந்தப் பருவநிலை ஒப்பந்தமும் சொல்லவில்லை.

நான்காம் கேள்வி: பேருந்தை ஓட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான். புகை அண்ணாசாலையை விட்டு எண்ணூருக்குக் குடிபெயர்ந்தால், அது தூய்மை அன்று, இடமாற்றம். மின்சாரப் பேருந்தும் காற்றாலையும் கதிரவன் ஒளியும் ஒன்றாகத்தான் வளர வேண்டும்.

ஐந்தாம் கேள்வி, எல்லாவற்றிலும் பெரியது: பேருந்து ஏழைக்குக் கிடைக்கிறதா? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் மாதந்தோறும் மிஞ்சும் பணம் சமூக நீதி. அவள் பேருந்திலேயே பயணம் செய்வதால் சாலையில் குறையும் புகை பருவநிலைத் திட்டம். இரண்டும் ஒரே காரியம் என்பதை உலக மன்றங்களுக்கு நாமே எடுத்துச் சொல்லலாம். குரிச்சிபா சொன்னதைப் போல, நம் ஊரும் ஒரு பாடம் சொல்லலாம்.

தோழர்களே! ஒப்பந்தங்கள் தலைநகரங்களில் கையெழுத்தாகின்றன. பலனும் பாரமும் வட்டங்களில் வந்து இறங்குகின்றன. ஆகவே உங்கள் படிப்பகத்தில் இந்தச் செய்திகளைப் படியுங்கள். வட்டக் கூட்டத்தில் வைத்து விவாதியுங்கள். உங்கள் பகுதிக்கு எத்தனை பேருந்து, எந்த நேரம், எந்தப் பணிமனை, எவருக்கு வேலை என்று மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். ஓட்டுநரோடும் நடத்துநரோடும் பேசுங்கள். உலகம் நமக்குத் தர வேண்டியதைத் தலைநிமிர்ந்து கேட்போம்; பெற்றதில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்போம். கேட்கிறவர்கள் விழித்திருந்த இடத்தில் கூட்டுறவு வென்றது. உறங்கிய இடத்தில் அது கடனாக முடிந்தது. நாம் விழித்திருப்போம்!