ஆப்பும் திருகும்

பஞ்சதந்திரத்தில் வரும் ஆப்பிழுத்த குரங்கின் கதையை அறியாதவர் இல்லை. பாதி பிளந்த மரத்திலே தச்சன் இறுக்கிவிட்டுப் போன ஆப்பைக் குரங்கு பிடுங்குகிறது. விரிந்து நின்ற பிளவு மூடிக்கொள்கிறது. குரங்கு நசிந்து மடிகிறது. இந்தக் கதையை வகுப்பிலே சொல்லத் தொடங்கினால், 'ஆப்பு' என்ற சொல்லைக் கேட்டதுமே பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். ஒருவனை வசமாக மாட்டிவிடுவதற்குச் சினிமா தந்த சொல் என்றே அதை அறிந்திருக்கிறார்கள். மரம் பிளக்கும் ஆப்பைக் கண்ணால் கண்டவர்கள் வகுப்பிலே இரண்டொருவர்தான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. குசினியிலே எரிவாயு அடுப்பு வந்தபின் விறகு கொத்தும் சத்தம் ஊரில் அருகிவிட்டது. அண்மையில் எங்கள் பக்கத்து விறகுகாலையிலே நான் கேட்டதும் கோடாலிச் சத்தம் அல்ல. நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அதன் பின்தண்டிலே கூம்பு வடிவான இரும்புத் திருகு ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். இரண்டு பேர் ஒரு புளியங்குற்றியை உருட்டிவந்து, அதன் பக்கவாட்டைத் திருகின் முனைக்குக் கொடுத்தார்கள். முனை கடித்ததும் புரியே மரத்தைத் தன்னிடம் இழுத்தது. கூம்பு உள்ளே பருக்கப் பருக்கக் குற்றி முனகியது; பிறகு வெடித்து இரண்டாக விழுந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. புளி என்றால் கைதேர்ந்த கோடாலிக்காரரும் முகம் சுளிப்பார்கள். அதன் நார் நேராக ஓடாது, பின்னிக் கிடக்கும்.

நின்று பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இந்தத் திருகும் ஆப்புத்தான். சரிவான ஆப்பை ஒரு கூம்பின்மேல் சுற்றிவிட்டால் அது திருகு. சம்மட்டி அடிக்கு அடி இறக்குவதை இது சுழன்று சுழன்று இறக்குகிறது, அவ்வளவே.

ஆனால் குரங்குக்கு வந்த ஆபத்து இதிலே உருமாறி வருகிறது. உழவு இயந்திரப் பின்தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. வினாடிக்கு ஒன்பது! குற்றியின் ஒரு பக்கம் நிலத்திலோ தடுப்பிலோ ஊன்றி நிற்காவிட்டால், திருகு பிளப்பதை விட்டு மரத்தையே சுழற்றி வீசும். சாரத்தின் தொங்கல் பட்டாலோ, 'ஐயோ' என்பதற்குள் ஆளையும் சுருட்டிவிடும். அன்று அங்கே நின்றவர்கள் சாரத்தோடுதான் நின்றார்கள். ஒருவர் மட்டும் சண்டிக்கட்டுக் கட்டியிருந்தார். அதுவும் போதாது. காற்சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றேன். வாத்தியார் சொல்கிறார் என்று சிரித்தார்கள்.

இந்தத் திருகு நம்மவர் கண்டுபிடித்ததல்ல. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவிலே மக்கள் மீண்டும் விறகை நாடினார்கள். வாகனத்தின் பின்சில்லைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலே இப்படியொரு கூம்பைப் பூட்டி விறகு பிளந்தார்கள். எண்ணெய் விலை ஏறினாலும் வாங்கக் கிடைத்தது. ஆகவே இயந்திரம் ஓடியது.

நமக்கு நேர்ந்தது வேறு. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. எரிபொருளுக்குத் தடை. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்து ஜாம் போத்தல் விளக்கில் விட்டுப் படித்த தலைமுறை என்னுடையது. அடுப்பிலே விறகுதான். சைக்கிளிலே ஆளுயரத்துக்கு விறகு கட்டி உழக்கி வந்தவர்களை இன்றும் கண்முன் காண்கிறேன். உழவு இயந்திரங்களோ கொட்டிலுக்குள்ளே தூங்கின. ஊர் முழுவதும் விறகில் தங்கியிருந்த அந்தக் காலத்திலே இந்தத் திருகு இருந்திருந்தாலும், அது வெறும் இரும்புதான்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. எங்களுக்கு இடம் தந்த வளவிலே ஒரு முதியவர் இருந்தார். விழுந்த மாமரம் ஒன்றைக் காட்டி, கோடாலியை என் கையிலே தந்தார். நான் கண்மூடித்தனமாக ஓங்கினேன். "தம்பி, முதல்லை குத்தியைப் பார். வெடிப்பு எந்தப் பக்கம் போகுதெண்டு அதுவே காட்டும். பிறகு கோடாலியைத் தூக்கு" என்றார். பெரிய குற்றியை நடுவிலே கொத்தக்கூடாது, ஓரத்திலிருந்து சீவிவர வேண்டும். கணு உள்ள இடத்தை விட்டுவிட வேண்டும். கோடாலி சிக்கினால் இழுத்துப் பறிக்காமல் பக்கத்திலே ஆப்பு வைக்க வேண்டும். அந்த இடப்பெயர்விலே நான் கற்ற பாடங்கள் இவை. மதுரைத் தெருவிலே இறைவனே விறகு சுமந்து விற்றதாகப் பரஞ்சோதி முனிவர் பாடிய மொழி நம்முடையது. அப்படியிருந்தும் விறகு கொத்துவதை ஒரு வித்தையென்று நாம் மதித்ததில்லை. கூலிவேலை என்றே ஒதுக்கினோம்.

அதெல்லாம் போர்க்காலக் கதை என்பீர்கள். 2022ஐ மறந்துவிட்டோமா? எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை, டீசலுக்கும் வரிசை. கியூஆர் அட்டை வந்தபின்னும் அளந்துதான் தந்தார்கள். கைவிட்ட அடுப்பைச் சாணமிட்டு மெழுகி மீண்டும் மூட்டினோம். விறகு மிகத் தேவைப்படும் நாள்களும் டீசல் கிடையாத நாள்களும் நம் மண்ணிலே சேர்ந்தே வந்திருக்கின்றன. திருகு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கோடாலி வீசியவரின் தோள்மூட்டு வலியை இருந்து பேசுகிற நான் எப்படி அளப்பேன்? ஆனால் திருகு வந்ததென்று கோடாலியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

அந்த விறகுகாலையிலே 2022இல் தனியாளாகக் கொத்தித் தந்தவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. திருகுக்குப் பக்கத்திலே நின்று, எந்தக் குற்றியை எந்தப் பக்கமாகத் திருப்பிக் கொடுப்பதென்று பொடியன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கோடாலி வேலியோரம் சாத்திக் கிடந்தது. பிடி ஆடுகிறது, மாற்ற வேண்டும் என்றார்.