வயிற்றுக்கு நாரும் வேண்டும், நேரமும் வேண்டும்

(கொழும்பில் வேலை செய்யும் மலையகத் தொழிலாளருக்காக வெள்ளவத்தையில் நடந்த ஞாயிறு கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை. தோட்டங்களில் உள்ள அங்கத்தவர்களும் வாசிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



இன்றைய பேச்சு வயிற்றைப் பற்றியது. சம்பளம், சேமலாப நிதி, லீவு என்று பேசுகிற இடத்தில் மலச்சிக்கலுக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. 1933இல் இதே வெள்ளவத்தையில் நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுடைய சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். தொழிலாளர் ஒன்றுகூடிப் பேசிப் பழகிய இடம் இது. வெளியில் சொல்ல வெட்கப்படுகிற விடயத்தையும் இங்கே பேசலாம்.

வெள்ளவத்தையில் புடவைக்கடையில் நிற்கும் தங்கச்சிமாரும், கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக்கடையிலும் ஹாட்வெயார் கடையிலும் வேலை செய்யும் தம்பிமாரும் எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. “பார்மசியில் பைபர் பவுடர் என்று ஒரு டின் விற்கிறார்கள். தண்ணீரில் கலக்கி தினமும் குடித்தால் வயிறு லேசாகுமாம். வாங்கலாமா? தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்பலாமா?”

நல்ல கேள்வி. வாங்கு, வாங்காதே என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட நாங்கள் விரும்பவில்லை. அந்த டின்னுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பதிலை நீங்களே சொல்லுவீர்கள்.

நாம் சாப்பிடும் தாவர உணவில் நார்ச்சத்து இருக்கிறது. அதில் இரண்டு வகை. ஒன்று தண்ணீரில் கரையாது. தவிடு, தோல், கீரைத்தண்டு போன்றவற்றில் இருப்பது பெரும்பாலும் இந்த வகை. இது மலத்துக்குப் பருமன் கொடுத்துத் தள்ளிவிடும். மற்றது தண்ணீரில் கரையும் நார். வெந்தயத்தை இரவு ஊறவைத்தால் காலையில் வழவழப்பாக இருக்கிறதல்லவா, அது இந்த வகை. டின்னில் இருப்பதும் இதுதான்.

கரையும் நாரை நமது சிறுகுடலால் ஜீரணிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. கிருமி என்றதும் பயப்பட வேண்டாம், இவற்றில் பல நமக்கு நன்மை செய்பவை. இந்த நாரைத் தின்று புளிக்கவைத்து, சில அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவரில் உள்ள கலங்களுக்கே உணவாகிறது. இப்படி நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும் பொருளுக்கு 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் என்ற இரு விஞ்ஞானிகள் ‘பிரீபயோட்டிக்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் புதிது. தாய்ப்பாலிலேயே குழந்தையால் ஜீரணிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அது குழந்தையின் குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கான தீனி.

சரி, டின்னில் உள்ள தூள் எங்கிருந்து வருகிறது? லேபிளில் ‘இனுலின்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கில் இருந்து எடுத்தது. இந்தியாவில் கோப்பித் தூளுடன் கலக்கிறார்களே, அதே சிக்கரி. இதே இனுலின் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. ‘குவார்’ என்று இருந்தால் அது கொத்தவரை விதையின் கோந்து. ராஜஸ்தானில் மழை குறைந்த மண்ணில் ஏழை விவசாயிகள் விளைவிக்கும் பயிர் அது. அந்தக் கோந்தைப் பக்குவப்படுத்தி, குடிக்கும்போது கொழகொழக்காதபடி தூளாக்குகிறார்கள். இனுலின் சிலருக்கு வயிற்றை ஊதவைக்கும். பக்குவப்படுத்திய குவார் மெதுவாகப் புளிப்பதால் வாயுத் தொல்லை குறைவு. ‘இசப்புகோல்’ என்பது ஒரு விதையின் உமி. அது கிருமிகளுக்கு அதிகம் தீனியாகாது, ஆனால் தண்ணீரை இழுத்துப் பிடித்து மலத்தை இளக்கும்.

ஆக, டின்னில் இருப்பது மாயமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. கிழங்கிலும் விதையிலும் இருப்பதைப் பிரித்தெடுத்து விற்கிறார்கள். அதே சத்து நமது சட்டியில் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார், அதுவும் உணவில் இயற்கையாக உள்ள நார், வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. வெள்ளைக் கோதுமை மா 100 கிராமில் இருப்பது 3 கிராமுக்கும் குறைவு. மூன்று வேளையும் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிற ஒருவர் 400 கிராம் மா சாப்பிட்டாலும் அந்த மாவில் இருந்து 11 கிராமுக்கு மேல் நார் கிடைக்காது. பாதிகூட இல்லை. கொழும்புக்கு வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. காலையில் பணிஸும் பிளேன்டீயும், பின்னேரம் ரோல்ஸ், கடை பூட்டிய பிறகு கொத்துரொட்டி. பெயர் மாறியது, மா மாறவில்லை.

இதற்காக நமது ஆட்களைக் குறைசொல்ல நாங்கள் தயாரில்லை. ரொட்டி நமது விருப்பத்தால் மட்டும் வந்த சாப்பாடு இல்லை. கருக்கலில் எழும்பி, பிள்ளைகளை அனுப்பி, மஸ்டருக்கு ஓடுகிற பெண்ணுக்குச் சீக்கிரமாகச் செய்யவும் மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் வயிற்றில் நெடுநேரம் நிற்கவும் கூடியது அதுதான். 1973–74 பஞ்சத்தில் பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தபோது தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அதனால் மாவை நாங்கள் இழிவாகப் பேசமாட்டோம். ஆனால் 2022 ஜனவரியில் தோட்டக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தையும் நினைத்துப் பாருங்கள். மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாவுக்கு. பருப்பு இல்லை, பயறு இல்லை, கடலை இல்லை. நமக்கென்று யோசிக்கும்போது மாவுக்கு அப்பால் யாரும் யோசிப்பதில்லை. அடுத்த முறை நிவாரணம் பற்றிப் பேசும்போது பயறும் கடலையும் கேட்க வேண்டும் என்பது எமது குழுவின் கருத்து.

இப்போது கையில் இருக்கும் காசுக்கு என்ன செய்யலாம்?

அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் 7 கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. ஒரு கோப்பை கடலை சாப்பிட்டால் ஒரு நாள் தேவையில் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். கௌப்பி, பயறு எல்லாம் இதே குடும்பம். ஒரு நல்ல கொய்யாப்பழத்தில் சுமார் 5 கிராம், ஒரு வாழைப்பழத்தில் சுமார் 3 கிராம். சைவக்கடையில் இடியப்பம் வாங்கும்போது வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு இடியப்பம் கேளுங்கள். சோற்றுப் பார்சல் வாங்கும்போது இறைச்சித் துண்டு பெரிதா என்று பார்க்கிற கண்ணால் கீரையும் பருப்பும் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலையில் ரோட்டோரம் இலைக்கஞ்சி விற்கிறார்கள், சிங்களத்தில் கொல கெந்த என்பார்கள். பணிஸைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ரொட்டி சுடும்போது மாவில் ஒரு பங்கு குரக்கன் மா சேர்க்கலாம். சோறு ஆறும்போது அதில் உள்ள மாச்சத்தில் ஒரு பகுதி ஜீரணமாகாத வகையாக மாறுகிறது. அதுவும் குடல் கிருமிகளுக்குத் தீனிதான். நமது பாட்டிமார் பழைய சோற்றில் வெங்காயம் கடித்துச் சாப்பிட்டது வெறும் வறுமை மட்டும் இல்லை. ஆனால் கொழும்புச் சூட்டில் சோறு சீக்கிரம் பழுதாகும். ஆறியவுடன் தண்ணீர் ஊற்றி மூடி, இயன்றால் குளிரில் வையுங்கள். நாற்றம் மாறினால் கொட்டிவிடுங்கள்.

அப்படியானால் டின் யாருக்கு? பல் போன வயோதிபர், கடலை மெல்ல முடியாதவர், வைத்தியர் எடுக்கச் சொன்னவர், இவர்களுக்கு அது உதவும். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. இறக்குமதி டின் ஒன்றின் விலையை ஒரு நாள் சம்பளத்தோடு வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். வாங்குவதானால் லேபிளை வாசியுங்கள். முதலில் சீனி இருந்தால் அது நார் பானம் இல்லை, சர்பத். ‘மால்ட்டோடெக்ஸ்ரின்’ என்று மட்டும் இருந்தால் அது ஜீரணமாகிற மாச்சத்து, நார் இல்லை.

குடிக்கிற முறை முக்கியம். முதல் வாரம் அரைத் தேக்கரண்டி போதும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரேயடியாகத் தொடங்கினால் வயிறு ஊதி, வாயு போய், கடையில் நிற்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் கட்டாயம். குறிப்பாக இசப்புகோலைத் தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டையிலும் குடலிலும் அடைத்துக்கொள்ளும். வேறு மருந்து எடுப்பவர்கள் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்குகிறது என்று கர்ப்பிணிப் பெண்கள் சிலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். தங்கச்சிமாரே, மாத்திரையை நிறுத்த வேண்டாம். மலம் கறுப்பாவதும் அந்த மாத்திரையால்தான், பயம் வேண்டாம். கீரை, பழம், தண்ணீர் கூட்டுங்கள், தேத்தண்ணீரோடு மாத்திரை விழுங்காதீர்கள், கிளினிக்கில் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறோம்.

நார் என்பது தண்ணீர் இல்லாமல் வேலை செய்யாது. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். பெரும்பாலான மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் காலையில் இருந்து நிறை போடும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிட்டார்கள். இறங்கி லயத்துக்குப் போய் வந்தால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அந்தத் தாய்க்கு நீங்கள் கொழும்பில் இருந்து எவ்வளவு விலை உயர்ந்த டின் அனுப்பினாலும், தண்ணீர் குடிக்காத வயிற்றில் அது மலத்தை இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

கொழும்பிலும் நிலைமை வேறு இல்லை. காலை முதல் இரவு வரை நிற்கிறீர்கள். கழிப்பறைச் சாவி முதலாளியின் மேசையில். கேட்க வெட்கம். தங்கும் அறையிலோ காலையில் ஒரு கழிப்பறைக்குப் பத்துப் பேர் வரிசை. வருகிற நேரத்தில் அடக்கி அடக்கி, பிறகு உடம்பே கேட்பதை நிறுத்திவிடுகிறது. மலத்தை அடக்க அடக்க பெருங்குடல் அதில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூலமும் வெடிப்பும் வருவது இந்த வழியில்தான்.

இதற்கு மருந்து பார்மசியில் இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. சாப்பாட்டு இடைவேளையும் கழிப்பிட வசதியும் முதலாளி விரும்பினால் செய்கிற தருமம் இல்லை, செய்ய வேண்டிய கடமை. அது நடக்காத இடத்தைப் பற்றி நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

ஒரு எச்சரிக்கை. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, வழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடிப்பது, கடும் வயிற்றுவலியும் வாந்தியும், இவற்றில் எது இருந்தாலும் தூளும் வேண்டாம், கை வைத்தியமும் வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காசு கேட்கமாட்டார்கள். வயிற்றோட்டம் என்றால் முதலில் ஜீவனி கரைத்துக் குடியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் மூன்று விபரம் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் வேலைத்தலத்தில் கழிப்பறை இருக்கிறதா, கேட்காமல் போகலாமா, குடிதண்ணீர் எங்கே இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம், இடத்தை எழுதுங்கள். தோட்டத்தில் இருந்து வாசிப்பவர்கள் உங்கள் மலையில் கழிப்பறை இருக்கிறதா இல்லையா என்று தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொகுத்து அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே வைப்போம்.

இப்போது தேநீர் வேளை. பின்னால் கடலை அவித்து வைத்திருக்கிறோம், தண்ணீரும் இருக்கிறது. மண்டபத்தின் கழிப்பறை வலது பக்கம். யாரிடமும் சாவி கேட்க வேண்டாம்.