இடப்பக்கத்து வழி



தமிழில் 'ஆறு' என்ற சொல் நதியையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். வகுப்பறையில் பலமுறை சொல்லிக் கொடுத்த இந்தச் செய்தியின் பொருள், ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சையன் தேசியப் பூங்காவில் நடந்தபோதுதான் எனக்குத் தெளிந்தது. விவிலியத் தமிழில் 'சீயோன்' என வழங்கும் பெயரே அது. 1909இல் பாதுகாக்கப்பட்டபோது அதற்கு முக்குன்ருவீப் என்னும் பழங்குடிப் பெயர் இருந்தது. 1919இல் இன்றைய பெயரோடு தேசியப் பூங்காவாயிற்று.

வேர்ஜின் என்னும் ஆறு செந்நிற மணற்கல் மலையை அறுத்து ஆழ்ந்த பள்ளத்தாக்கை ஆக்கியிருக்கிறது. அதன் மேற்பகுதியில், 'நெருக்குகள்' எனப்படும் இடத்தில், மக்கள் ஆற்று நீருக்குள்ளேயே நடந்து செல்கின்றனர். அங்கே ஆறுதான் வழி! மழைக்காலத் திடீர் வெள்ளத்தில் அதே வழி உயிரையும் வாங்கும்.

அங்கு வாழும் என் தமக்கையாருடன் சென்றிருந்தேன். அவருக்கு முழங்கால் வருத்தம். குறொட்டோ என்னுமிடத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, ஆற்றின் பாலத்தைக் கடந்தால் வழி இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் 'தேவதை இறங்குமிடம்' என்ற புகழ்பெற்ற முகடு. ஏறத்தாழ 450 மீற்றர் ஏற்றம். இறுதியில் சங்கிலியைப் பற்றிக்கொண்டுதான் ஏறவேண்டும். 2022 முதல் அதற்கு முன்அனுமதியும் தேவை. என்னிடம் அனுமதி இருந்தது.

"தம்பி, நீ ஏறிப் பாத்திட்டு வா. நான் இந்தக் கல்லில இருக்கிறன்" என்றார் அக்கா.

உள்ளதைச் சொல்கிறேன்: ஒரு கணம் மனம் வலப்பக்கம் போயிற்று. பிறகு, "இல்லையக்கா, இடப்பக்கம் போவம்" என்றேன்.

இடப்பக்கம் செல்வது கயன்டா வழி. மரகதக் குளங்களுக்குப் போகும் இணைப்புப் பாதை. ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அவ்வளவுதான். ஆனால் கல்லும் படியுமாக இருந்தது. பாதி வழியில் அக்கா சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைத் தடவிக்கொண்டார். அது சிவந்து வீங்கியிருந்தது.

அப்போது மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. மலைவழி நடந்து வருந்திய விறலியின் பாதத்தை, தளர்ந்த நாயின் நாவுக்கு ஒப்பிடுவார் புலவர் பெருங்கௌசிகனார். அதை இருபது ஆண்டுகளாக 'உவமையணி' என்று எழுதிப்போட்டு அழித்திருக்கிறேன். அந்தப் பாதத்தை ஒருநாளும் கண்டதில்லை. பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிற் கோலையும் கோரைத் தண்டையும் பற்றிக்கொண்டு போங்கள் என்று அப்பாட்டு வழிசொல்லுவதும், வலியவனுக்காக அல்ல. இசைக்கருவி சுமந்து, பெண்களோடு நடந்துவரும் களைத்த கூட்டத்துக்காக. அக்காவுக்கு அன்று என் தோளே மூங்கிற்கோல்.

குளத்தருகே பாறை கூரைபோல் வளைந்து நிற்க, மேலிருந்து நீர் சொட்டுகிறது. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைநில மணலாயிருந்து இறுகிய கல் வழியே மழைநீர் மெல்லக் கசிந்து இறங்குகிறது. கீழே கயன்டா என்னும் இறுகிய படை அதனைத் தடுக்கிறது. இறங்க முடியாத நீர் பக்கவாட்டில் வழிதேடி ஊற்றாக வெளிப்படுகிறது. அந்த ஈரத்தில் செங்குத்துப் பாறையிலும் பன்னச்செடிகள் தழைத்திருந்தன. நாங்கள் நடந்த பாதைக்கும் அந்தக் கற்படையின் பெயர்தான்.

மேற்குளத்துக்கு இன்னும் ஏறவேண்டும், விட்டுவிட்டோம். கீழ்வழியால் விடுதிப் பக்கம் இறங்கி பஸ் பிடித்தோம். மொத்தம் இரண்டரைக் கிலோமீற்றர் வரையில் இருக்கும். எங்களுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது.

பஸ்ஸில் அக்கா கேட்டார்: "உச்சிக்குப் போகாதது கவலையோ?"

"அடுத்த தவணை மலைபடுகடாம் படிப்பிக்க வேணும் அக்கா. இப்பத்தான் படிச்சிருக்கிறன்" என்றேன்.