மனநோயும் நம் கடமையும்
(வத்திராயிருப்பு ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

பிளவக்கல் அணையின் நீர் மட்டத்தையும் தென்னைக்கு வரும் நோயையும் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று மனிதருக்கு வரும் ஒரு நோயைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அது மனச்சிதைவு நோய். இல்லாத குரல் காதில் கேட்பதும், காரணமின்றிப் பிறர்மீது ஐயம் எழுவதும் அதன் அறிகுறிகள்.

என் தமையனாருக்கு இருபத்து நான்காம் வயதில் இந்நோய் கண்டது. குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சி, இரண்டாண்டுகள் அவரை வீட்டினுள் மறைத்து வைத்தோம். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன பின்னரும் நாங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சிறிது குணம் கண்டதும் மருந்தை நிறுத்தினோம். நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. இத்தவற்றை இருமுறை செய்தோம். பழி எங்களுடையது.

முடிவில் வழி காட்டியவர் தமையனாரே. அவர் ஒரு நாள் என்னிடம், "தம்பி, வரப்பில் நண்டு வளை இருக்கிறதென்று வயலை விற்றுவிடுகிறோமா? நாள்தோறும் பார்த்து அடைத்துக்கொண்டு பயிர் செய்கிறோம். எனக்கு மாத்திரையும் அப்படித்தான்" என்றார். இன்றும் சில நாட்களில் அவருக்குக் குரல்கள் கேட்கின்றன. ஆயினும் நெல் வயலுக்கு நீர் பாய்ச்சுவது அவர்தான்.

மறைப்பதாலும் கட்டி வைப்பதாலும் விளையும் கேட்டை நம் தென்னாடு நன்கறியும். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். தெய்வத்தை வேண்டுவதைக் கைவிடுமாறு நான் கூறவில்லை. வேண்டுதலோடு மருந்தும் வேண்டும் என்றே கூறுகிறேன்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்கிறது. அரசின் மனநல சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. நோய் முற்றும் காலத்தில் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கவும் வகை செய்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மனநோயால் வரும் இயலாமையை ஏற்றுக்கொண்டுள்ளது.

ஆகவே, அங்கத்தினர்கள் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, அறிகுறி கண்ட குடும்பத்தாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐயம் இருப்பின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். இரண்டாவது, ஆதரவின்றி அலைவோரைக் கண்டால் காவல் நிலையத்துக்கு அறிவியுங்கள். காவலர் தம் பாதுகாப்பில் ஏற்ற மனநோயாளரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றாவது, குணமடைந்து திரும்புவோருக்கு அவரால் இயன்ற வேலை கொடுங்கள்.

"பைத்தியம்" என்ற சொல்லை இன்றோடு நம் நாவிலிருந்து நீக்குவோம். என் தமையனாரை ஊரார் மீண்டும் பெயர் சொல்லி அழைத்த நாளில்தான் அவர் தலைநிமிர்ந்து நடந்தார். அதற்கு எவ்விதத் திட்ட ஒதுக்கீடும் தேவைப்படவில்லை.