எஞ்சி நிற்கும் நோய்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கடன், நெருப்பு, பகை, நோய் ஆகிய நான்கிலும் மிச்சம் வைத்தல் ஆகாது என்பது முன்னோர் வாக்கு. சிறிதே எஞ்சினும் அவை மீண்டும் வளரும் இயல்பின. இரத்தப் புற்றுநோய் மருத்துவத்தில் அந்த மிச்சம் இன்று எண்ணால் அளக்கப்படுகிறது. அவ்வளவையின் பயனை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஏ.எல்.எல். எனப்படும் இரத்தப் புற்றுநோயாகும். எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகி, நல்ல அணுக்கள் தோன்றுவதற்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. 1947-48-இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தினைத் தீவிர இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். பத்துக் குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. அம்மருந்தை வழங்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆவார். ஆயினும் அந்தத் தணிவு நிலைக்கவில்லை. சில திங்களில் நோய் திரும்பிற்று. மறைந்த நோய் எங்கிருந்து திரும்புகிறது?

நோய் கண்டறியப்படும் வேளையில் ஒரு குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கக்கூடும். முதற்கட்டச் சிகிச்சைக்குப் பின், மஜ்ஜையில் முதிரா அணுக்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தால் நோய் தணிந்தது என்பது நெடுநாள் வழக்கு. நூற்றில் ஒரு பங்கே எஞ்சியது எனக் கொண்டாலும், எஞ்சியவை ஆயிரம் கோடி! நல்ல அணுக்களிடையே கலந்து கிடக்கும் அவற்றை நுண்ணோக்கி பிரித்துக் காட்டவில்லை.

அவற்றைக் காண இன்று இரு வழிகள் பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று ஃப்ளோ சைட்டோமெட்ரி. அணுவின் மேற்பரப்பிலுள்ள புரதங்களில் ஒளிரும் சாயங்களை ஒட்டவைத்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் செலுத்தி, புற்றணுவை இனங்காணும் முறை அது. மற்றொன்று பி.சி.ஆர். ஒரே அணுவின் வழிவந்த புற்றணுக்கள் ஒரே மரபணு அடையாளத்தைக் கைரேகைபோல் தாங்கியிருக்கும். அதனைத் தேடிக் காண்பது இம்முறை. பத்தாயிரத்தில் ஒரு புற்றணு ஒளிந்திருந்தாலும் இவை காட்டிவிடும். இவ்வாறு அளக்கப்படுவதையே எம்.ஆர்.டி., அதாவது எஞ்சிய நோய் என்கின்றனர். முதற்கட்டச் சிகிச்சையின் முடிவில் எஞ்சிய நோய் மிகுந்திருந்த குழந்தைகளுக்கே நோய் அதிகமாகத் திரும்புகிறது என்பதை 1998-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகள் நிறுவின.

வருவதை முன்னரே அறிவதால் மாற்ற இயலுமா? பிரிட்டனில் 2003-இல் தொடங்கிய ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. எஞ்சிய நோய் காணப்படாத அல்லது விரைவில் மறைந்த 521 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தைக் குறைத்தனர். அதனால் நோய் மீளுதல் கூடவில்லை. 29-ஆம் நாளில் 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ எஞ்சியிருந்த 533 பேரில் ஒரு பிரிவினருக்குச் சிகிச்சையை வலுப்படுத்தினர். ஐந்தாண்டுகள் நோய் மீளாமை உள்ளிட்ட நலத்துடன் இருந்தோர், வழக்கமான சிகிச்சையில் ஏறத்தாழ 83 விழுக்காடு. வலுப்படுத்திய சிகிச்சையில் ஏறத்தாழ 90 விழுக்காடு. தேவையுள்ளவருக்குக் கூடுதல் மருந்தும், தேவையற்றவருக்கு அதன் துன்பத்திலிருந்து விடுதலையும் கிடைத்தன. அடையாறு புற்றுநோய் நிறுவனம் உள்ளிட்ட இந்திய மையங்கள் பங்கேற்ற கூட்டாய்விலும் இவ்வளவை சிகிச்சையைத் தீர்மானிக்கும் கருவியாயிற்று.

எனினும் இச்சோதனை விதியெழுத்து அன்று. எஞ்சிய நோய் காணப்படாத சிலருக்கும் நோய் திரும்புவதுண்டு. காணப்பட்டவர் பலர் முற்றும் குணமடைவதும் உண்டு. 'காணப்படவில்லை' என்பதன் பொருள், கருவியின் எல்லைக்குள் காணப்படவில்லை என்பதே.

குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய இடம் இதுதான். முதல் மாத முடிவில் காய்ச்சல் தணிகிறது, முகம் தெளிகிறது, குழந்தை ஓடியாடுகிறது. வீட்டார் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு, பணத்தையும் தொலைவையும் எண்ணி, இனி மருத்துவமனை எதற்கு எனக் கருதத் தொடங்குகின்றனர். பிள்ளை நலமாகத் தோன்றும் அந்நாளில்தான் எஞ்சிய நோய் கண்ணுக்குப் புலப்படாமல் காத்திருக்கிறது. இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும் சிகிச்சை, குறிப்பாக அதன் இறுதிப் பகுதியில் வீட்டிலேயே விழுங்கும் மாத்திரைகள், அந்த மிச்சத்தை அழிப்பதற்கானவை. சோதனையில் நோய் காணப்படவில்லை எனினும் அவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

ஆதலின், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையின் பெற்றோர் மருத்துவரிடம் இரு வினாக்களைத் தயங்காது கேட்டறிதல் வேண்டும்: எஞ்சிய நோய்ச் சோதனை எந்நாளில் செய்யப்படும்? அதன் முடிவால் சிகிச்சை எவ்வாறு மாறும்? உற்றாரும் ஊராரும், நோய் தணிந்தது என்று மகிழ்வதோடு நில்லாது, சிகிச்சை நிறைவுறும் வரை அக்குடும்பத்துக்குப் பொருளாலும் துணையாலும் உதவுதல் கடமை. தொடக்கத்தில் திரளும் உதவி மூன்றாம் ஆண்டிலும் தொடருமாயின், ஓர் உயிர் நிலைக்கும்.